மெழுகு வைத்து ஒட்டிய டேங்க்

“...அப்படின்னா மீதி ஒம்பது சுத்து. அவ்ளோதானே?”

பெரியவர் இதைக் கேட்டது என்னை இல்லை. எனக்கு எதிரில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த மிலிட்டரிக்காரரை. எண்பத்தொன்பதாம் வருஷம், சித்திரைக் கடைசி, பகல் ஒரு மணி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் நான் பல் செட்டு கட்டிக் கொடுக்கிற அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எங்கள் மூன்று பேருக்கும் நடுவில், மேஜைமேல், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பொம்மை டேங்க், சண்டையில் ஓட்டுகிற பீரங்கி வண்டி. அதைச் செய்தவன் நான். அதனால் எந்தச் சுற்று, மீதி ஏன் ஒன்பது என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பாண்டிச்சேரியில் பிடித்தது. கல்யாணத்துக்கு முந்தி அங்கே ஒரு பல் டாக்டரிடம் வேலைக்கு இருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை அந்த ஊரில் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா செட்டு கட்டிக்கொள்ள வந்தவர், ஒருநாள் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். திறந்தால் பிளாஸ்டிக்கில் சக்கரம், சங்கிலி, குழாய் எல்லாம் தனித்தனியாக. “என் கை நடுங்குதுடா. ஒட்டுறது உன் வேலை, பாத்துக்கினு இருக்கறது என் வேலை” என்றார். அதை ஒட்டினேன். பிறகு இன்னும் நாலைந்து. விமானம் இரண்டு, மற்றதெல்லாம் டேங்க். ஒட்டிக் காய்ந்ததும் அரம் போட்டு ஓரம் மறைத்து, பெயின்ட் அடித்து, தண்ணீரில் ஊறவைத்த ஸ்டிக்கரை நழுவவிட்டுப் பதித்து முடிக்கும்போது இருக்கிற அமைதி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கல்யாணமாகி விழுப்புரத்தில் குடித்தனம் வைத்ததும் என் மனைவி அலமாரியைப் பார்த்துவிட்டு, “சண்டை சாமானை ஊட்ல வரிசையா வச்சிக்கினு, ஊட்ல சண்டை வருதுன்னு சொல்லுவீங்க” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனாலும் எல்லாம் பெட்டிக்குள் போய்ப் பரண் ஏறிவிட்டது. பதினோரு வருஷம் அங்கேயே இருந்தது.

அதை இறக்கினதும் அவள்தான். எண்பத்தாறில், முண்டியம்பாக்கத்துக்கிட்ட பஸ் படியிலிருந்து விழுந்து எனக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நாலு மாசம் மாவுக்கட்டு. திண்டிவனம் அறை பூட்டிக் கிடந்தது. படுத்த இடத்தில் இருந்து அடுப்பு, அரிசி, வாசல், பால்காரர் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைத் தூக்கி என் வயிற்றின்மேல் வைத்தாள். “இதுங்கூட சண்டை போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பழைய பசை டியூபுக்குள்ளேயே கல்லாகியிருந்தது. பல் செட்டுக்கு அக்ரிலிக் பொடி குழைக்கிற திரவத்தைத் தொட்டு வைத்துப் பார்த்தேன், அது அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டியது. பளபளக்கிற பெயின்டில் டால்கம் பவுடர் கலந்தால் மங்கலாகி நிஜ இரும்பு மாதிரி ஆனது. உடைந்து காணாமல் போன பாகங்களை ஈறு கலர் அக்ரிலிக்கில் நானே வார்த்தேன். மெழுகுக் கத்தி, அரம், ஊசி எல்லாம் ஏற்கெனவே என் தொழில் சாமான்தான். கால் சரியாகி, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் மறுபடி பாசஞ்சரில் போக வர ஆரம்பித்த பிறகும் கை அதை விடவில்லை. அறையின் கண்ணாடி அலமாரியில் மாவில் வார்த்த தாடை அச்சுகள் ஒரு தட்டு, டேங்க்குகள் ஒரு தட்டு. வாயைத் திறந்துகொண்டு உட்காருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு அம்மாள் அச்செடுத்து முடித்துத் துப்பிவிட்டு, “ஒரு தட்டுல கடிக்கறது, ஒரு தட்டுல இடிக்கறது” என்று சொன்னார். அதை அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தேன். நல்லா பேசுகிறவர்கள் பேச்சை எழுதி வைப்பது என் வழக்கம்.

எண்பத்தெட்டில் ஒருநாள் மிலிட்டரிக்காரர் வந்தார். விழுப்புரத்தில் ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேன். மேல்வரிசை முன்பல் நாலு இருக்கிற தகடு இரண்டாக உடைந்திருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நிஜப்பல் எப்படிப் போச்சு என்று கேட்டேன். “எழுவத்தொண்ணு சண்டை சார். டேங்க்ல குண்டு பட்டப்போ மூஞ்சி போயி பீரங்கிக்கு குறி பாக்கற கண்ணாடியில மோதிச்சு” என்றார். அப்புறம் அலமாரியையே பார்த்தார். ஒரு டேங்க்கைக் காட்டி, “இந்த கம்பி இந்தப் பக்கம் வராது சார்” என்றார்.

பெட்டிமேல் அப்படித்தான் படம் இருக்கிறது என்றேன்.

“படம் போட்டவரு உள்ள உக்காந்தவரா?”

இதையும் எழுதி வைத்தேன்.

தகட்டை வாங்கிப் போனவர் மறுவாரம் மறுபடி வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது தடவை கேட்டார். அவர் இருந்த ரகம் டேங்க் பெட்டி கிடைக்குமா, கிடைத்தால் உள்ளே இருப்பதையும் வைத்து, ஒரு பக்கம் அறுத்துத் திறந்து காட்டுகிற மாதிரி செய்து தர முடியுமா. அது இங்கிலாந்துக்காரன் செய்த ரகம். யாருக்குக் காட்ட என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

அந்த டேங்க்கை ஓட்டினவர் அவருடைய தங்கை புருஷன். ஒரே ரெஜிமென்ட், பழகிப் பிடித்துப்போய் இவரே தங்கையைக் கட்டிக் கொடுத்தார். பெண் குழந்தை பிறந்து ஒரு வருஷத்தில் சண்டை. டேங்க் எரிந்தது. பீரங்கி சுடுகிற இடத்தில் இருந்த இவர் மேல்வழியாக வெளியே வந்தார். ஓட்டினவர் வரவில்லை. இவர் எட்டு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் சுருங்கிப்போன தோலோடு, தங்கை வாழ்கிற ஊருக்குப் போனார். அது வானூர்ப் பக்கம். வாசலில் தங்கையின் மாமனார், நான் முதலில் சொன்ன பெரியவர், நின்றார். “என் புள்ளைய எங்க உட்டுட்டு வந்த?” என்று ஒரே கேள்வி. அதற்குப் பிறகு பதினாறு வருஷமாக அந்த வீட்டு வாசலை இவர் மிதிக்கவில்லை. தங்கை மகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் வைக்க வேண்டியவர் இவர். புடவைத் தட்டோடு அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் வெயில் சாயும்வரை நின்றிருக்கிறார். யாரும் வந்து அழைக்கவில்லை. தூரத்து உறவில் ஒருவர் மாமன் இடத்தில் உட்கார்ந்தார்.

“இப்ப அந்தப் பொண்ணுக்கு வைகாசில கல்யாணம் வரும்போல இருக்குது சார். என் தங்கச்சி மாமனார்கிட்ட அழுதிருக்குது. அவரு சொல்லிட்டாரு, அவன் ஏன் என் புள்ளைய தூக்கிக்கினு வரலன்னு எனக்குப் புரியற மாதிரி பதில் சொல்லட்டும், சொன்னா மாமனா வந்து நிக்கட்டும், இல்லன்னா வாணாம்னு. வாயால சொன்னா நம்ப மாட்டாரு. நான் உக்காந்த எடத்துக்கும் அவன் உக்காந்த எடத்துக்கும் நடுவுல வழியே கெடையாது சார். அதைக் கண்ணால காட்டணும்.”

மெட்ராஸ் பர்மா பஜாரில் சொல்லிவைத்து, ஜப்பான் பெட்டி ஒன்று வந்துசேர ஒரு மாசம் ஆனது. அதில் வெளிப்பக்கம் மட்டும்தான், உள்ளே காலி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, முன்பக்கம் வலது மூலையில் டிரைவர், பின்னால் இரும்புத் தடுப்பும் குண்டு அடுக்குகிற ராக்கும், அதற்கு அந்தாண்ட மேலே தான் என்று காட்டுவார். காட்டுவதற்காக அந்தக் கட்டத்துக்குள் குந்துவார். என் மனைவி பார்த்துவிட்டு, “நாலு ஆம்பளைங்க இதுக்குள்ளயா? நாலு தட்டு சோறு வைக்க எடம் இல்ல” என்றாள். அவர் சிரித்தார். “சோறும் அதுக்குள்ளதாம்மா.”

தடுப்பு, ராக்கு, இருக்கை எல்லாம் ஈறு அக்ரிலிக்கில் வார்த்தேன். பெயின்ட் அடிக்கும்வரை உள்பக்கம் முழுக்க ரோஸ் கலரில் ஒரு வாய் மாதிரி இருந்தது. டிரைவரைப் பல் செய்கிற வெள்ளைப் பொருளில் செய்தேன், முக்கால் விரற்கடை ஆள். மூடியையும் நானே மாற்றினேன். இந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் மூடியைத் திறந்த வாக்கிலோ மூடின வாக்கிலோ ஒட்டிவிடுவார்கள். எனக்கு அது வராது. பல் செட்டு கட்டுகிறவன் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பிக் கீலில் மாட்டி, நூறு தடவை திறந்து மூடிப் பார்த்துத்தான் அடுத்த வேலைக்குப் போவான். திறக்கிறது திறக்க வேண்டும், சுற்றுகிறது சுற்ற வேண்டும். டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் மூடிக்குப் பித்தளைக் கம்பியில் கீல் போட்டேன். பீரங்கி இருக்கிற மேல்கூடு சுற்றுவதற்கு வளையத்தை மூன்று வாரம் தேய்த்தேன்.

ஒரு ஞாயிறு அவரிடம் பெருமையாகக் காட்டினேன். மூடியைத் திறந்தேன், மூடினேன். மேல்கூட்டைக் கட்டைவிரலால் நகர்த்தினேன். பீரங்கிக் குழாய் தாழ்ந்த வாக்கில் வலப்பக்கம் வந்து நின்றது. மறுபடி மூடியைத் தூக்கினேன். டக்கென்று குழாயில் இடித்தது. பாதிகூடத் திறக்கவில்லை. அளவில் தப்புப் பண்ணிவிட்டேனோ என்று ஸ்கேலை எடுத்தேன்.

“அளவு சரிதான் சார்” என்றார்.

தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார். “மேல இருக்கறதை நேரா வச்சு ஒட்டிடுங்க. சுத்த வாணாம்.”

“மூணு வாரம் தேச்சேன் அதை.”

“ஒட்டிடுங்க சார்.”

அவர் போன பிறகு என் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். “அந்த ஆளு மூஞ்சிய பாத்தீங்களா? பெரியவருக்கு ஒரு பொய்ய எடுத்துக்கினு போகப் போறாரு. நீங்க அதுக்குப் பெட்டி செஞ்சு குடுக்கறீங்க.”

“அவரு ஒண்ணும் சொல்லலியே.”

“நீங்களும் கேக்கலியே.”

கேட்கவில்லைதான். அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் வேண்டும், தங்கைக்கு அண்ணன் வேண்டும், நடந்தது நடந்து பதினேழு வருஷமாச்சு என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒட்ட உட்கார்ந்தேன். திரவம் ஒரு சொட்டு விட்டால் போதும், மறுநாள் அது ஒரே கல். தூரிகையை முக்கி எடுத்தும் கை போகவில்லை. ஓடுகிற ஒன்றைச் சாகடிக்கிற மாதிரி இருந்தது. பல்லை இடத்தில் நிறுத்தி வைக்கப் போடுகிற ஒட்டு மெழுகை உருக்கி, வளையத்தின் அடியில் நாலு பொட்டு வைத்தேன். குளிர்ந்ததும் அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. டிரைவரையும் அதே மெழுகில்தான் இருக்கையில் உட்காரவைத்தேன். அவரிடம் ஒட்டியாச்சு என்று சொன்னேன்.

செட்டை வெயிலில் வைக்காதீர்கள், சுடுதண்ணீரில் போடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். மெழுகு எந்தச் சூட்டில் இளகும் என்று என்னைவிடத் தெரிந்தவன் அந்தத் தெருவில் கிடையாது. அந்தச் சித்திரையில் பாசஞ்சரில் ஜன்னலோரம் மடியில் வைத்து டேங்க்கைத் திண்டிவனம் கொண்டுபோய், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மேஜைமேல் காலையிலிருந்து வைத்திருந்தவனும் நான்தான்.

சொல்லி அனுப்பியிருந்தபடி பெரியவர் பன்னிரண்டரைக்கு என் அறைக்கு வந்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற சொந்த நிலக்காரர், ஒல்லி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. மிலிட்டரிக்காரர் எழுந்து நின்றார்.

“உக்காரு பட்டாளத்தாரே. நிக்க வச்சு விசாரிக்க நான் இன்னா தாசில்தாரா?”

மிலிட்டரிக்காரர் டீ சொல்லிவிட்டு வரட்டுமா என்றார். பெரியவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னிடம்தான் பேசினார். “என் மருமவ ஒரு தட்டு கட்டிக் குடுத்தா தம்பி. வெத்தல, பாக்கு, பழம், மஞ்சா தடவின பத்திரிகை. தாய்மாமனுக்குத்தான் மொத பத்திரிகையாம். பதிலைக் கேளுங்க மாமா, மனசுக்கு சரின்னு பட்டா அங்கயே வச்சுட்டு வாங்கன்னு சொன்னா. படலன்னா திருப்பி எடுத்துக்கினு வாங்கன்னா. பொம்மையைக் காட்டிப் பதில் சொல்றதை நான் இப்பதான் பாக்கப் போறேன்.”

மிலிட்டரிக்காரர் ஆரம்பித்தார். ஒரு தென்னங்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பெரியவர் குனிந்து, அறுத்த பக்கம் வழியாக உள்ளே பார்த்தார். ஆயில் எஞ்சினைத் தானே பிரித்து மாட்டுகிறவர் போலிருக்கிறது, எது எதோடு சேருகிறது என்று விரலால் தொடர்ந்து போனார்.

“இவன்தானா?”

“ஆமா மாமா.”

“என் புள்ள இன்னும் ஒசரம்.”

“உக்காந்துக்கினு இருக்கான் மாமா.”

“நீ எங்க?”

குச்சி மேலே போனது. நடுவில் இருந்த தடுப்பையும் ராக்கையும் பெரியவர் வெகுநேரம் பார்த்தார். “கைய நீட்டினாக்கூட எட்டாது” என்றார். மிலிட்டரிக்காரர் எட்டாது என்று தலையசைத்தார். “சரி, அவன் எப்படி எறங்குவான்?”

“தலைக்கு மேல மூடி இருக்குது மாமா.”

பெரியவர் நகத்தால் மூடியை நெம்பினார். திறந்தது. “நல்லாப் பண்ணிக்கிற தம்பி” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “அப்ப ஏன் எறங்கல?”

“குண்டு பட்டதுல மயக்கமாயிருப்பான் மாமா.”

பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். வெளியே ஒரு பஸ் கண்டக்டர் பாண்டி, பாண்டி என்று கூவிக்கொண்டிருந்தார். பெரியவர் பைக்குள் கைவிட்டு எவர்சில்வர் தட்டை எடுத்தார். வெற்றிலை, இரண்டு வாழைப்பழம், மூலையில் மஞ்சள் வைத்த பத்திரிகை. மிலிட்டரிக்காரர் எழுந்து, இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு நின்றார். பைக்குள் கலைந்ததைச் சரிசெய்யத் தட்டை ஒரு நிமிஷம் கீழே வைக்க வேண்டும், மேஜையில் இடம் இல்லை. பெரியவர் டேங்க்கை அந்தாண்ட தள்ளினார். மேல்கூட்டைப் பிடித்துத் தள்ளினார்.

டேங்க் நகரவில்லை. மேல்கூடு திரும்பியது. மெழுகு நூலாக இழுபட்டது, குழாய் வலப்பக்கம் வந்து மூடிக்கு மேலே நின்றது.

“இது திரும்புமா?” என்றார்.

நான் ஆமாங்க என்றேன்.

தட்டை வைத்துவிட்டு, மூடியை நகத்தால் நெம்பினார். டக். இன்னொரு தடவை. டக். நிமிர்ந்து பார்த்தார்.

“அன்னிக்கு இது எப்படி நின்னுச்சு?”

மிலிட்டரிக்காரர் உட்கார்ந்தார். “இப்படித்தான் மாமா. வலதுபக்கம் சுட்டுக்கினு இருந்தோம்.”

“யாரு திருப்பறது?”

“நான்தான்.”

“திருப்பி உட்டிருந்தா அவன் தொறந்துக்கினு வந்திருப்பான்.”

“கரன்ட்டு போயிடுச்சு மாமா. கைச்சக்கரம் ஒண்ணு இருக்கும், அதைச் சுத்தணும்.”

“அவன் கூப்டானா?”

மிலிட்டரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

“கூப்டான் மாமா. மூடிய உள்ள இருந்து தட்டினான்.”

பெரியவர் கிணற்று ராட்டினத்தைப் பற்றி விசாரிக்கிற மாதிரி அதே குரலில், குழாய் மூடியை விட்டு விலக அந்தச் சக்கரத்தை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டு இருக்கும் என்றார் மிலிட்டரிக்காரர். நீ எத்தனை சுத்தின என்று கேட்டார். மிலிட்டரிக்காரர் தன்னை அறியாமல் வேட்டியை முழங்கால்வரை இழுத்து, அந்தச் சுருங்கின தோலைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

“மூணு சுத்தினேன். நெருப்பு காலுக்கு வந்துடுச்சு மாமா.”

அதற்குத்தான் பெரியவர் நான் முதலில் சொன்ன அந்தக் கணக்கைக் கேட்டார். மிலிட்டரிக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. பெரியவர் குழாயின் நுனியில் ஒரு விரலை வைத்து, மெதுவாக, மூடியை விட்டு முழுசாக விலகும்வரை தள்ளினார். மூடியை நகத்தால் திறந்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு, டிரைவரைத் தலையைப் பிடித்து மேலே இழுத்தார். இளகின மெழுகிலிருந்து அவன் சுலபமாக வந்தான். அவனைத் தட்டில் வெற்றிலைமேல் படுக்க வைத்து, பத்திரிகையும் தட்டுமாகப் பைக்குள் இறக்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியிறங்கி வானூர் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.